சமஸ்கிருதம் சுயமாகப் படிக்க எந்தப் பாடநூல்? தேர்ந்தெடுக்கும் முறை, படிப்படியாக

சமஸ்கிருதத்தைத் தாமாகப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் பாடத்துக்கும் பத்தாம் பாடத்துக்கும் நடுவில் எங்கோ நின்றுவிடுகிறார்கள். காரணத்தைத் துருவிப் பார்த்தால் அநேகமாக ஒரே விஷயம்தான் தெரியும்: கையிலிருக்கும் பாடம் ஓர் ஊருக்குப் போகிறது, படிப்பவர் போக நினைத்தது வேறு ஊர். பேச்சுப் பயிற்சிப் பாடத்தை வைத்துக்கொண்டு கீதை புரியும் என்று காத்திருக்கிறார்கள். ஸ்தோத்திரம் புரிந்தால் போதும் என்பவர்கள் பல்கலைக்கழகப் பாடநூலில் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே உள்ள வரிசைப்படி முடிவெடுத்தால் இந்தச் சிக்கல் வராது. வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் எடுத்த முடிவை நம்பித்தான் நிற்கிறது.

1. முதலில் ஒரு நூலின் பெயரை எழுதுங்கள்

"சமஸ்கிருதம் கற்க வேண்டும்" என்ற ஆசையை வைத்துக்கொண்டு பாடநூலைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு தாளில் ஒரே ஒரு பெயர் எழுதுங்கள்: வால்மீகி ராமாயணம், பகவத் கீதை, ரகுவம்சம், தினமும் சொல்லும் ஒரு ஸ்தோத்திரம். பேசுவதுதான் ஆசையென்றால் "பேச" என்று எழுதுங்கள். இரண்டு பெயர் எழுதினால் எளிதானதை முதலில் வையுங்கள்.

இது ஏன் அவசியம் என்றால், இன்று பேசப் பழக்கும் சமஸ்கிருதமும் நூல்களில் உள்ள சமஸ்கிருதமும் ஒரே மொழிதான் என்றாலும் புழங்கும் வடிவங்கள் வேறு. பேச்சு வகுப்பில் "நீ போனாயா?" என்பதற்கு "பவான் கதவான் வா?" என்பார்கள். முன்னிலையைத் தவிர்த்துப் படர்க்கை, இறந்தகால வினைமுற்றைத் தவிர்த்து "கதவான்" போன்ற ஒரே அச்சு வடிவம், இருமையை (ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே, இரண்டை மட்டும் குறிக்கும் வடிவத்தை) முடிந்தவரை ஒதுக்குவது: இவை பேச்சை விரைவாக வரவழைக்கும் நல்ல உத்திகள். ஆனால் ராமாயணத்தைத் திறந்தால் "ஜகாம" என்றிருக்கும். அது "போனான்" என்று பேச்சுப் பாடம் மட்டும் படித்தவருக்குத் தெரிய வழியில்லை.

கீதை சொல்லும் எல்லாருக்கும் "ஸ்ரீபகவான் உவாச" வாயில் வரும். அந்த "உவாச" லிட் என்ற இறந்தகால வடிவம். "வச்" என்ற தாதுவிலிருந்து, அதாவது வினையடியிலிருந்து வந்தது. இதிகாசங்களில் திரும்பிய பக்கமெல்லாம் லிட் இருக்கிறது. வாங்க நினைக்கும் நூலின் பொருளடக்கத்தில் லிட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது இதிகாசம் படிக்க ஆயத்தம் செய்யும் பாடமாக இருக்காது.

2. எந்தப் பாடத்தையும் தொடுமுன் மூன்று வாரம் எழுத்து

தமிழ் எழுத்தில் அச்சிட்ட சமஸ்கிருதப் பாடம் கிடைக்கிறது. அதில் தொடங்கினால் சுலபமாக இருக்கும் என்று தோன்றும். அந்தச் சுலபம் இரண்டாம் மாதத்தில் கழுத்தைப் பிடிக்கும். க, ச, ட, த, ப வரிசைகளில் சமஸ்கிருதத்துக்கு இருபது வல்லொலிகள். நம்மிடம் அவற்றுக்கு ஐந்து எழுத்து, ஜ-வைச் சேர்த்தால் ஆறு.

"கதா" என்று தமிழில் எழுதுங்கள். அது நான்கு வெவ்வேறு சொற்களாக இருக்கலாம் (எழுத்தின் மேலுள்ள எண், அந்த வரிசையில் எத்தனையாவது ஒலி என்பதைக் காட்டும்; எண் இல்லையென்றால் முதல் ஒலி). கதா³ என்றால் எப்போது. கதா² என்றால் கதை. க³தா³ என்றால் பீமன் கையிலுள்ள கதாயுதம். க³தா என்றால் போனவள். அப்படியே ப²லம் பழம், ப³லம் வலிமை. எண் போட்ட பதிப்பானால் தப்பிக்கலாம். ஆனால் வாசிக்கும் வேகத்தில் கண் எண்ணைத் தாண்டிப் போய்விடும். காதிலும் நான்கும் ஒன்றாகவே பதியும். அப்படிப் பதிந்தபின் அகராதியில் எந்தச் சொல்லையும் தேட முடியாது, ஏனென்றால் எந்தக் "க" என்றே தெரியாது.

அதனால் தேவநாகரி. கிரந்த எழுத்து தெரிந்தவர்களுக்கு ஒலிப் பாகுபாடு முழுமையாக இருக்கும். ஆனாலும் இன்றைய பாடநூல்களும் அகராதிகளும் தேவநாகரியில் இருப்பதால் அதையும் பழகியே ஆக வேண்டும்.

முதல் வாரம் உயிரும் 33 மெய்யும். நாளுக்கு ஒரு வர்க்கம், அதாவது ஐந்து எழுத்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு பக்கம். இரண்டாம் வாரம் உயிர்மெய்க் குறிகள். மூன்றாம் வாரம் கூட்டெழுத்து மட்டும். தமிழில் புள்ளி வைத்துப் பழகிய நமக்கு இதுதான் புதிது. ர-கரம் மேலே கொக்கியாகவும் கீழே கோடாகவும் வருவது, க்ஷ, ஜ்ஞ, ஶ்ர, த்த, த்³ய, ஹ்ம ஆகியவற்றுக்கு மட்டும் நான்கு நாள் கொடுங்கள். பழைய நூல்களின் ஸ்கேன் பிரதியைப் படிக்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அ, ஜ⁴, ண ஆகியவற்றுக்கு வடக்கத்திய அச்சில் ஒரு வடிவம், பம்பாய் அச்சில் இன்னொரு வடிவம். இரண்டையும் முதலிலேயே பார்த்து வைத்தால் பின்னால் திகைக்க வேண்டாம்.

3. விளக்கம் எந்த மொழியில் இருக்க வேண்டும்?

தமிழில் விளக்கம் உள்ள பாடங்கள் குறைவு, ஆங்கிலத்தில் நிறைய. தமிழ் விளக்கம் கிடைத்து, அடுத்த படியில் சொல்லும் அளவுகோலிலும் தேறினால் யோசிக்காமல் அதை எடுங்கள். ஆங்கில நூலை எடுத்தாலும் ஒரு விதி: பயிற்சி வாக்கியங்களைத் தமிழில்தான் மொழிபெயர்க்க வேண்டும், ஆங்கிலத்தில் அல்ல. இந்த ஒரு மாற்றம் மாதக்கணக்கில் உழைப்பை மிச்சப்படுத்தும்.

"க்ராமம் கத்வா பலம் காததி." ஆங்கிலப் பாடநூல்கள் "கத்வா"வை விளக்க ஒரு பாடமே ஒதுக்கும். நமக்கு அது "போய்". ஊருக்குப் போய்ப் பழம் தின்கிறான், அவ்வளவுதான். வினையெச்சம் நம் நாக்கில் இருக்கிறது. "அஹம் கச்சாமி இதி வததி": நான் போகிறேன் என்று சொல்கிறான். "இதி" நம் "என்று", உட்காரும் இடமும் அதேதான். "அபி" நம் "உம்", "ஏவ" நம் "ஏ": ராமோऽபி என்றால் ராமனும், ராம ஏவ என்றால் ராமனே. வேற்றுமைகளும் விளியோடு எட்டு. இரண்டாவது ஐ, நான்காவது கு என்று நாம் பள்ளியில் படித்த அதே வரிசை எண்கள். "சதுர்த்தீ விபக்தி" என்றால் நான்காம் வேற்றுமை, வேறு பெயர் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சந்தியும் அந்நியமல்ல. தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்றும் தெரிந்தவர்களுக்குப் பட்டியல்தான் புதிது, கருத்து பழையது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தமிழ் இழுத்துப் பிடிக்கும்: செயப்பாட்டுவினை. "ராமேண ராவணோ ஹத:" என்பதை "ராமனால் ராவணன் கொல்லப்பட்டான்" என்றே எழுதிக்கொண்டு போனால் பத்து வாக்கியத்தில் சலிப்பு தட்டும். முதலில் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள், பக்கத்திலேயே "ராமன் ராவணனைக் கொன்றான்" என்றும் எழுதுங்கள். முதல் வரி வேற்றுமையைச் சரிபார்க்க, இரண்டாவது பொருளை உணர.

4. நளன் கதையின் ஒரு வரியால் பாடநூலை அளந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மகாபாரதத்து வனபர்வத்தில் நளன் கதை இப்படித் தொடங்குகிறது:

"ஆஸீத்³ ராஜா நலோ நாம வீரஸேனஸுதோ ப³லீ"

வீரசேனனின் மகனும் வலியவனுமான நளன் என்ற அரசன் இருந்தான். ஆறே சொல். இதிகாச நடையில் இதைவிட எளிய வரி அதிகம் கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ள என்ன தெரிய வேண்டும் என்று பிரித்துப் பார்ப்போம்.

ஆஸீத்: "அஸ்" தாதுவின் லங், அதாவது இறந்தகாலம். அதுவும் ஒழுங்காக நடக்காத இரண்டாம் கணத்துத் (வினை வகுப்புத்) தாது.

ராஜா: "ராஜன்" என்ற மெய்யீற்றுச் சொல். "ராம:" போல இறுதியில் விஸர்க்கம் (":" என்று எழுதும் மூச்சொலி) வராது.

நலோ: "நல:" என்பது பின்னால் வரும் ந-கரத்தால் "நலோ" ஆனது. விஸர்க்க சந்தி. "ஸுதோ" என்பதிலும் இதுவே.

வீரஸேனஸுத: "வீரஸேனஸ்ய ஸுத:" என்பது சேர்ந்து ஒரே சொல்லானது. ஆறாம் வேற்றுமைத் தத்புருஷ சமாசம்.

ப³லீ: "பலின்" என்ற இன் ஈற்றுச் சொல். பார்க்க "நதீ" போல இருக்கும். பெண்பால் என்று நினைத்தால் போச்சு.

ஆக ஐந்து: லங், அன் ஈறு, விஸர்க்க சந்தி, தத்புருஷம், இன் ஈறு. இனி நீங்கள் வாங்க நினைக்கும் நூலின் பொருளடக்கத்தைத் திறந்து, இந்த ஐந்தும் எந்தெந்தப் பாடத்தில் வருகின்றன என்று பென்சிலால் குறியுங்கள்.

ஐந்தும் நூலின் முதல் மூன்றில் இரண்டு பங்குக்குள் வந்துவிட்டால் அது வாசிப்புக்கான பாடம். மீதி மூன்றில் ஒரு பங்கில் அவற்றைப் பழக இடம் இருக்கும். ஐந்தும் கடைசிப் பாடங்களில் குவிந்திருந்தால் நூலை முடித்த அன்றும் நளனைப் படிக்க முடியாது. இரண்டாம் பாகமும் உண்டா என்று பாருங்கள். இரண்டோ மூன்றோதான் இருக்கின்றன என்றால் அது பேச்சுக்கோ அறிமுகத்துக்கோ எழுதியது. அந்தத் தேவைக்கு அது நல்ல நூலாகவே இருக்கலாம், உங்கள் தாளில் எழுதிய பெயருக்குத்தான் பொருந்தாது. இதற்கு மாறாக, ஐந்தும் முதல் கால் பங்குக்குள் வந்தால் ஏற்றம் செங்குத்து. வேறு ஏதாவது இந்திய மொழி இலக்கணமோ லத்தீனோ முறையாகப் படித்தவர்களுக்குத்தான் தாங்கும்.

சந்தியை மட்டும் தனியாகவும் பாருங்கள். சில பாடங்கள் இறுதிவரை பதம் பிரித்தே வாக்கியங்களைத் தருகின்றன. படிக்க இதமாக இருக்கும். அச்சிட்ட எந்த நூலும் அப்படி இருக்காது. பாதிப் பாடத்துக்குமேல் பயிற்சி வாக்கியங்கள் சந்தி சேர்ந்தே இருக்க வேண்டும்.

5. வினைகளின் வரிசை

தாதுக்கள் பத்து கணம். நல்ல தொடக்கநூல் 1, 4, 6, 10 ஆகிய நான்கு கணங்களில் ஆரம்பிக்கும், ஏனென்றால் அவற்றின் அடி அ-வில் முடிந்து மாறாமல் நிற்கும். பவதி, ந்ருத்யதி, லிகதி, சோரயதி எல்லாம் ஒரே அச்சு. "கரோதி", "ததாதி" போன்றவை நடுவில் வர வேண்டும். அடிக்கடி வரும் சொல் என்பதற்காகக் "கரோதி"யின் முழு அட்டவணையை மூன்றாம் பாடத்திலேயே திணிக்கும் நூலை ஒதுக்குங்கள். அதே சமயம் லட் (நிகழ்காலம்) தவிர வேறு லகாரமே, அதாவது வேறு கால, ஏவல் வடிவமே, இல்லாத பாடமும் பாதி வழியில் இறக்கிவிடும். லட், லங், லோட் (ஏவல்), விதிலிங் ("செய்ய வேண்டும்" போன்றது), ல்ருட் (எதிர்காலம்) ஐந்தும் கட்டாயம். இதிகாசம் என்றால் லிட்டும் சேர்த்து ஆறு.

6. விடை உண்டா, ஒலி உண்டா

ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு விடைப்பகுதிதான் ஆசிரியர். விடை இல்லாத நூலில் தவறான வேற்றுமை இருபது பாடம்வரை கூடவே வரும், யாரும் திருத்த மாட்டார்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழகப் பாடநூல்கள் சிலவற்றில் விடை கிடையாது. வகுப்பறையை நம்பி எழுதப்பட்டவை அவை. அப்படிப்பட்ட நூலை எடுத்தே தீர வேண்டுமென்றால், வாரம் ஒருமுறை விடைத்தாளைப் பார்க்க ஒருவரை முதலில் பிடித்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

ஒலிக்கு நீளமான பதிவுகள் தேவையில்லை. எழுத்துகளும் முதல் ஐந்து பாடச் சொற்களும் ஒலியோடு கிடைத்தால் போதும். முக்கியம் என்னவென்றால் ப³-வையும் ப⁴-வையும், த³-வையும் த⁴-வையும் பிரித்துக் கேட்கும் காது. இரண்டு சொல்லைக் கலந்து ஒலிக்கவிட்டு எது எது என்று எழுதிப் பாருங்கள். பத்துக்கு எட்டு சரியாக வரும்வரை தினம் ஐந்து நிமிடம். இதைத் தள்ளிப்போடுபவர்கள் ஆறு மாதம் கழித்து எழுத்துப் பிழைகளோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

7. கிடைக்கும் பாடங்கள்: எது யாருக்கு

எல்லாவற்றையும் பட்டியலிடுவதில் பயனில்லை. சுயமாகப் படிப்பவர்கள் கையில் அதிகம் காணப்படுபவை இவை.

ஸம்ஸ்க்ருத பாரதியின் அஞ்சல்வழிப் பாடம்: பிரவேச, பரிசய, சிக்ஷா, கோவித என்று நான்கு நிலை. நிலைக்கு ஏறக்குறைய ஆறு மாதம், கடைசியில் தேர்வு. தேதி வைத்துத் தேர்வு இருந்தால்தான் படிப்பேன் என்பவர்களுக்கு ஏற்றது. முதல் நிலையோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். நூல் வாசிப்பு நோக்கம் என்றால் நான்கையும் முடிக்கும் உறுதியோடு சேருங்கள். கீதை மட்டும் போதும் என்பவர்களுக்கு அதே அமைப்பின் கீதா ஸோபானம் கீதை வரிகளையே வைத்து இலக்கணம் சொல்லும். இவர்களுடைய பத்து நாள் பேச்சு முகாம், நாளுக்கு இரண்டு மணி நேரம், எந்தப் பாடத்தைப் படிப்பவரும் உச்சரிப்புக்காக ஒருமுறை போய்வர வேண்டிய இடம்.

பாரதிய வித்யா பவனின் ஸரள ஸம்ஸ்க்ருதத் தேர்வுகள்: பாலபோத, ப்ராரம்ப, ப்ரவேச, பரிசய, கோவித என்று ஐந்து. பெயர்கள் முந்தையதோடு குழப்பும், இரண்டும் வேறு. புத்தகம் வாங்கும்போது எந்தத் தேர்வுக்கானது என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

பண்டார்க்கரின் முதல் புத்தகமும் இரண்டாம் புத்தகமும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள், ஆங்கில விளக்கம், காப்புரிமை முடிந்து இலவசமாகக் கிடைப்பவை. ஒவ்வொரு பாடத்திலும் சமஸ்கிருதத்திலிருந்தும் சமஸ்கிருதத்துக்குமாக இரண்டு பக்கமும் பயிற்சி உண்டு. அந்தக் கட்டுப்பாடு இன்றைய நூல்கள் பலவற்றில் இல்லை. நளன் அளவுகோலில் இரண்டு புத்தகமும் சேர்ந்து நன்றாகத் தேறும். விடை புத்தகத்துக்குள் இல்லை என்பது பெரிய குறை. திருத்திக் கொடுக்க ஆள் இருந்தால் இதுவே என் முதல் பரிந்துரை.

கூல்சனின் "ஸான்ஸ்க்ரிட்", 1976: பதினைந்தே பாடம், பின்னால் விடை உண்டு, வாக்கியங்கள் நாடகங்களிலிருந்தும் பிற இலக்கியத்திலிருந்தும் எடுத்தவை. சந்தி ஆரம்பத்திலேயே மொத்தமாக வந்து இறங்கும். ஒரு பாடத்துக்கு மூன்று வாரம் ஆகும். ஒரு வாரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டவர்கள் நான்காம் பாடத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். காளிதாசன் படிக்க வேண்டும், பொறுமையும் இருக்கிறது என்றால் எடுங்கள்.

ஈஜீன்ஸின் அறிமுக நூல், இரண்டு பாகம்: முதல் பாகத்தில் 18 பாடம், விடையும் உண்டு. மிக மெதுவாக ஏறும். இலக்கணம் என்றாலே பயம் என்பவர்களுக்கு இதுதான் சரி. முதல் பாகத்தோடு நிற்கக் கூடாது.

கோல்ட்மன் தம்பதியரின் தேவவாணீப்ரவேசிகா: 22 பாடம், ராமாயணக் கதையை ஒட்டிய வாசிப்புப் பகுதிகள். தாளில் ராமாயணம் என்று எழுதியவர்கள் இதைக் கட்டாயம் புரட்டிப் பார்க்க வேண்டும். விடை இல்லாததால் துணை வேண்டும்.

லகு சித்தாந்த கௌமுதியை முதல் நூலாக எடுக்காதீர்கள். "இலக்கணத்தை முதலில் முடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்" என்ற எண்ணத்தில் பலர் அங்கே போகிறார்கள். அது பாணினி சூத்திரங்களைக் கற்பிக்கும் நூல். எளிய வாக்கியங்களைப் புரிந்துகொள்ளக்கூடிய மாணவன், பக்கத்தில் ஆசிரியர், இரண்டையும் எதிர்பார்த்து எழுதியது. ஒரு தொடக்கப் பாடத்தை முடித்தபின் வந்தால் அதன் அழகு தெரியும். முன்னால் வந்தால் சம்ஜ்ஞைகளிலேயே (கலைச்சொற்களிலேயே) மூச்சு முட்டும்.

8. வாங்குமுன் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்

முதல் பாடம் எந்த நூலிலும் சுலபம், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதல் இரண்டு நாளில் முதல் இரண்டு பாடத்தை முடியுங்கள். மூன்றாம் பாடத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 45 நிமிடம்: முதல் நாள் விளக்கமும் அட்டவணையும், இரண்டாம் நாள் சொற்கள், மூன்றாம் நாள் சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு, நான்காம் நாள் தமிழிலிருந்து சமஸ்கிருதத்துக்கு. எல்லாப் பயிற்சியையும் கையால் எழுத வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரிந்ததுபோல இருக்கும் வடிவம் கையில் வராது.

ஏழாம் நாள் அட்டவணையை மூடிவிட்டு அதே பயிற்சியை மீண்டும் செய்யுங்கள். பத்து வாக்கியத்தில் ஏழு சரி என்றால் இந்த நூல் உங்களுக்குப் பொருந்தும். நான்குக்குக் கீழே போனால் ஏற்றம் அதிகம். பத்தும் சரி, சலிப்பும் வந்தது என்றால் ஒரு படி மேலான நூலைப் பாருங்கள். பயிற்சி வாக்கியங்கள் பாடத்துக்குப் பதினைந்துக்குக் குறைவாக இருந்தால், எவ்வளவு தெளிவான விளக்கமாக இருந்தாலும், அந்த நூலைத் தனியாக நம்ப முடியாது.

முடிவெடுத்தபின் மற்ற பிடிஎஃப்களைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு நூலும் ஒரு வரிசையில் சொல்லித்தரும். மூன்று நூலை மாற்றி மாற்றிப் படித்தால் மூன்றின் முதல் ஆறு பாடம் மட்டும் நன்றாகத் தெரியும்.

9. நமக்கென்று உள்ள மூன்று பள்ளங்கள்

இவற்றைப் பாடநூல் பெரும்பாலும் எச்சரிக்காது. நீங்களே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இருமை. தமிழில் இல்லாததால் கை தானாக அதைத் தாண்டும். "ராம:, ராமா:" என்று நடுவிலுள்ள "ராமௌ"வை விட்டுவிட்டு மனப்பாடம் செய்வார்கள். ரகுவம்சத்தின் முதல் சுலோகத்தைப் பாருங்கள்: ஸம்ப்ருக்தௌ, பிதரௌ, பார்வதீபரமேஶ்வரௌ. மூன்றும் இருமை. சொல்லும் பொருளும் போல இணைந்த அந்த இருவரை வணங்கும் சுலோகத்தின் உயிரே அந்த "ௌ"வில்தான் இருக்கிறது.

பால். நமக்கு ஆண் என்றால் ஆண்பால், மரம் என்றால் அஃறிணை. சமஸ்கிருதத்தில் பால் சொல்லைச் சேர்ந்தது. மனைவியைக் குறிக்கும் "பார்யா" பெண்பால், "களத்ரம்" நபும்சகம், "தாரா:" ஆண்பால், அதுவும் பன்மை. புதுச் சொல்லை எழுதும்போதே முதல் வேற்றுமை வடிவத்தில் எழுதுங்கள். வ்ருக்ஷ:, லதா, வனம் என்று எழுதினால் பாலும் கூடவே நினைவில் நிற்கும். "வ்ருக்ஷம்" என்று தமிழ்ப் பழக்கத்தில் எழுதினால் அது இரண்டாம் வேற்றுமையாகிவிடும். தமிழர் எழுதும் சமஸ்கிருதத்தில் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான்.

தெரிந்த சொல் என்ற மயக்கம். அவஸர: என்றால் அங்கே வாய்ப்பு, தக்க தருணம். உத்யோக: முயற்சி. ஸம்ஸார: பிறவிச் சுழல். கல்யாணம் மங்களம். அபிமான: பெரும்பாலும் செருக்கு. நமக்குப் பாதிச் சொற்கள் முன்பே தெரியும் என்பது உண்மையான வரம்தான், ஆனால் வாக்கியத்தில் பொருள் இடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தத் தெரிந்த சொல்லைத்தான்.

10. துணைக்கு மூன்று, அதற்குமேல் வேண்டாம்

சப்தமஞ்சரி, அதாவது பெயர்ச்சொல் வடிவங்களின் அட்டவணை நூல். பாலக்காடு கல்பாத்தியின் ஆர்.எஸ். வாத்யார் பதிப்பு பல தலைமுறையாகப் புழக்கத்தில் உள்ளது. குறுக்காகச் சொல்லிப் பழகுங்கள்: ராம:, ராமௌ, ராமா:. பாடத்தில் ஒரு ஈறு வந்தபின்தான் மஞ்சரியில் அதைத் தொட வேண்டும். எல்லா சப்தங்களையும் முதலிலேயே மனப்பாடம் செய்ய முயன்றால், எங்கே பயன்படும் என்று தெரியாத இருபத்துநான்கு வடிவங்கள் அட்டவணைக்கு அட்டவணை கலந்துபோகும். ராம, ரமா, வனம், ஹரி, நதீ, குரு என்று ஆறும், தத், கிம், அஸ்மத், யுஷ்மத் நான்கும் முதல் ஆறு மாதத்துக்குப் போதும்.

அகராதி. பாதிப் பாடம் முடியும்வரை நூலின் பின்னாலுள்ள சொற்பட்டியலே போதும். பிறகு ஆப்தே. முன்னொட்டு சேர்ந்த வினையை ஆப்தேயில் தாதுவின் கீழே தேட வேண்டும். "ஆகச்சதி" வேண்டுமென்றால் "கம்" பக்கத்தில் "ஆ" என்ற உட்பிரிவு. மோனியர் வில்லியம்ஸில் அதே சொல் "ஆ" வரிசையில் தனியாக இருக்கும். இது தெரியாமல் "அகராதியில் இல்லை" என்று கைவிடுபவர்கள் உண்டு. இரண்டு அகராதியும் கொலோன் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேடும் வசதியோடு கிடைக்கின்றன.

எளிய வாசிப்பு. என்சிஇஆர்டியின் பள்ளிப் பாடநூல்கள், ஆறாம் வகுப்பிலிருந்து, இணையத்தில் இலவசம். பத்தாம் பாடம் தாண்டியதும் வாரம் ஒரு பக்கம். சொற்களை வடிவம் பிரித்துக் கொடுக்கும் இணையக் கருவிகளும் உள்ளன. நீங்களே ஒரு விடை எழுதியபின் சரிபார்க்க மட்டும் அவற்றைத் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் படிப்பது கருவிதான்.

11. நூலை மாற்ற வேண்டிய நேரம்

ஒரு பாடத்தில் மாட்டிக்கொண்டது நூலை மாற்றக் காரணமாகாது. இரண்டு பாடம் பின்னால் போய் அந்தப் பயிற்சிகளை விடை பார்க்காமல் மீண்டும் எழுதுங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்: ஒரு சந்தி விதி, அல்லது மூன்றாம் வேற்றுமைப் பன்மை. அதற்கு ஒரு வாரம் கொடுங்கள்.

இரண்டு இடத்தில் மாற்றலாம். விடையில் தொடர்ந்து பிழை தெரிந்து, இன்னொரு இலக்கண நூலோடு ஒப்பிட்டு அது பிழைதான் என்று உறுதியானால். அல்லது தாளில் எழுதிய நூலின் பெயரே மாறிவிட்டால். பேச வந்தவருக்கு ராமாயணத்தில் மனம் போவது அடிக்கடி நடக்கும். அப்போது புதிய நூலை முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டாம். பொருளடக்கத்தில் நளன் வரியின் ஐந்து குறிகளையும் மறுபடி போட்டு, அவற்றில் உங்களுக்குத் தெரியாத முதல் குறிக்கு இரண்டு பாடம் முன்னால் திறந்து உட்காருங்கள்.